வீசிங் உள்ள குழந்தையும் வீட்டுப் பூச்சி மருந்தும்: எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது

உங்கள் கேள்வி இதுதான். வேளச்சேரியில் தரைத்தள வீடு. நான்கு வயதுப் பையனுக்குப் போன மழைக்காலத்திலிருந்து வீசிங். மாலையில் மாமியார் ஹாலில் கொசுவர்த்தி ஏற்றுகிறார். இரவு ஏசி ரூமில் விடிய விடிய பிளக்கில் மாட்டும் கொசு லிக்விட் ஓடுகிறது. சமையலறைக் கரப்பானுக்கு வாரம் ஒரு முறை ஸ்பிரே. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தை டெங்குவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து, எதையும் நிறுத்தக் கூடாது என்கிறார் மாமியார். எல்லாவற்றையும் இன்றே தூக்கிப் போடு என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. டெங்கு குழந்தைகளின் உயிரையே எடுக்கக்கூடிய நோய். கரப்பானும் சும்மா அருவருப்பான பூச்சி மட்டும் கிடையாது. ஆஸ்துமாவைத் தூண்டும் முக்கியமான காரணங்களில் அது ஒன்று. அதனால் 'எல்லாவற்றையும் நிறுத்து' என்பது பையனின் நுரையீரலுக்கு நல்லதாகத்தான் முடியும் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம் இப்போது நீங்கள் செய்கிற மூன்றும் வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் செய்யக்கூடாதவை. நான் பூச்சியியல் படித்தவன், சென்னையில் கொசு, கரப்பான் கட்டுப்பாட்டு வேலையிலேயே என் காலம் போனது. டாக்டர் இல்லை. பையனுக்குக் கொடுக்கும் மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. வீட்டில் என்ன வைப்பது, என்ன எடுப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே அளவுகோல். மருந்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அது எந்த வடிவத்தில் வீட்டுக்குள் வருகிறது என்று பாருங்கள். காற்றில் கலந்து பரவுவது (புகை, ஸ்பிரே, ஆவி) குழந்தையின் மூச்சுக்குள் போயே தீரும். வைத்த இடத்திலேயே கிடப்பதும் (கரப்பானுக்கு வைக்கும் ஜெல்), வழியை அடைப்பதும் (வலை, மூடி) போகாது. முதல் வகையைக் குறைத்துக்கொண்டே வந்து இரண்டாம் வகையைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

குழந்தை என்றால் ஏன் இவ்வளவு கவனம்? பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். கைக்குழந்தைக்கு அது 30க்கு மேல். நான்கு வயதிலும் நம்மைவிட அதிகம்தான். உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் அதே அறையில் குழந்தை இழுக்கும் காற்று நம்மைவிடக் கூடுதல். மூச்சுக்குழாயும் சின்னது, லேசாக வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். வெளியே வெயிலிலும் மழையிலும் சிதைந்துபோகிற மருந்து வீட்டுக்குள் பல நாள் தங்கும்: தலையணையில், சோபாவில், தரைத் தூசியில். குழந்தை விளையாடுவது அந்தத் தரையில்தான்.

முதலில் கொசுவர்த்தி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, இன்றே நிறுத்துங்கள். சுருளில் கொசு மருந்து நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத் தூள், பசை, சாயம். அது மணிக்கணக்கில் கனன்று புகைகிறது. 2003இல் சீன, மலேசியச் சுருள்களை எரித்து அளந்த ஆய்வு ஒன்று வந்தது. ஒரு சுருள் முழுதாக எரியும்போது வரும் நுண்துகள், பி.எம். 2.5 என்று சொல்கிறோமே, அது 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று கண்டார்கள். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் அளவு வரை போனது. வீட்டில் யாராவது சிகரெட் பற்ற வைத்தால் மாமியாரே வெளியே போகச் சொல்லுவார். இந்தச் சிகரெட் கணக்கை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கொசு விரட்டும் ஊதுவத்தி என்று கடையில் விற்பது இதைவிட மோசமாக இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பூச்சி மருந்துக்கும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். பாக்கெட்டில் பதிவு எண்ணும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும், நிற முக்கோணமும் இருக்க வேண்டும். பல ஊதுவத்திகளில் இது எதுவும் இருக்காது, 'மூலிகை' என்று மட்டும் போட்டிருக்கும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ஒன்றைக் குழந்தை இருக்கும் அறையில் கொளுத்த வேண்டாம்.

சாம்பிராணியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டிச் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளில் அன்போடு செய்யும் காரியம். வேப்பிலை, நொச்சி இலை போட்டுப் புகைப்பதும் அப்படித்தான். ஆனால் இலையானாலும் பிசினானாலும் எரிந்தால் வருவது நுண்துகள்தான். வீசிங் உள்ள குழந்தைக்கு எந்தப் புகையும் வேண்டாம். பூஜைக்குச் சாம்பிராணி போட்டே ஆகவேண்டும் என்றால் பையன் வெளியே விளையாடப் போயிருக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துப் போடட்டும்.

அடுத்தது லிக்விட். சுருளையும் இதையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். எரிவது எதுவும் இல்லாததால் கரித்துகள் வராது. அந்த வகையில் சுருளைவிட எவ்வளவோ மேல். டிரான்ஸ்ஃப்ளுத்ரின் அல்லது பிரல்லெத்ரின் என்ற பைரித்ராய்டு மருந்தை, மண்ணெண்ணெய் ஜாதியைச் சேர்ந்த ஒரு கரைப்பானில் கலந்திருப்பார்கள். சூட்டில் அது ஆவியாகி அறை முழுக்கப் பரவும். ஆரோக்கியமான பெரியவருக்குத் தும்மல்கூட வராமல் போகலாம். ஏற்கனவே வீங்கிச் சிவந்திருக்கும் மூச்சுக்குழாய்க்கு அது எரிச்சல்.

உங்கள் வீட்டில் இதைப் பெரிதாக்குவது ஏசி. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைத்துச் சுற்ற விடுகிறது. கதவு, ஜன்னல் சாத்திய பத்துக்குப் பத்து ரூமில் எட்டு மணி நேரம் லிக்விட் ஓடினால் ஆவி அங்கேயே சேர்ந்துகொண்டு போகும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், எல்லாம் சாத்திய ரூமுக்குள் புதிதாகக் கொசு எங்கிருந்து வரப்போகிறது? சாத்துவதற்கு முன் நுழைந்த இரண்டு மூன்று கொசுக்கள்தான். அவற்றைக் கொசு பேட்டால் அடித்துவிடலாம். லிக்விட் இல்லாமல் முடியவே முடியாது என்கிற மழைக்கால நாட்களில், பையன் சாப்பிட்டுக்கொண்டு ஹாலில் இருக்கும்போது அரை மணி நேரம் ரூமில் ஓடவிட்டு, அணைத்து, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, பிறகு வலைக்குள் படுக்க வையுங்கள். முழு இரவுக்கு நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தோன்றுவதில்லை. அந்தக் குப்பி மாட்டியிருப்பது பெரும்பாலும் கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்கில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில். யாராவது குழந்தை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது அந்த எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா போல ஆகிவிடும். உப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய் என்று எதுவும் புகட்டாமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்.

சரி, இதையெல்லாம் நிறுத்தினால் டெங்கு? மாமியாரின் பயத்துக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையில் விடிந்த இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்பும் அதற்கு உச்சம். இரவு ரூமில் ஓடும் லிக்விட் முக்கியமாக விரட்டுவது சாக்கடையிலும் கால்வாயிலும் வளரும் க்யூலெக்ஸ் கொசுவை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் மழைநீர் வடிகாலுக்கும் பக்கத்தில் இருக்கும் உங்கள் ஏரியாவில் இரவில் காதருகே ரீங்காரம் போடுவது பெரும்பாலும் அதுதான். ஆக, டெங்குவுக்குப் பயந்து இரவெல்லாம் மருந்தைச் சுவாசிக்க வைக்கிறோம், டெங்குக் கொசு கடிக்கும் பகல் தூக்கத்தின்போது பையனை வலையில்லாமல் படுக்க வைக்கிறோம்.

ஏடிஸ் சாக்கடையில் வளராது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், அதுவும் உங்கள் வீட்டுக்குள்ளேயும் வாசலிலும்தான் கிடைக்கும். வெகுதூரம் பறக்கும் ஜாதியும் இல்லை. பையனைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ நான்கைந்து வீடு தள்ளியோ பிறந்ததாகத்தான் இருக்கும். 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது ஊர் முழுக்க டிரம்மும் குடமும் வாங்கி நிரப்பி வைத்தோம். அந்த டிரம்கள் இன்னும் எத்தனையோ வீட்டு மாடிப்படிக்குக் கீழே மூடியில்லாமல் நிற்கின்றன.

ஒன்று செய்யுங்கள். இன்றைக்கே ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து, பின்பக்கம் அடியில் இருக்கும் தட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலாக இருந்தால் அதில் விரற்கடை தண்ணீர் பெரும்பாலும் இருக்கும். வெளிச்சம் பட்டதும் சின்னப் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கினால், அது கொசுப்புழு. சில வினாடியில் மூச்சு விடத் திரும்ப மேலே வந்து, தலைகீழாகத் தொங்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைக்கச் சொல்கிறோம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். டிரம்மின் உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்படியே சம்ப் மூடியின் இடுக்கு, மொட்டை மாடி டேங்க் மூடி, மணி பிளான்ட் பாட்டில், ஏசி தண்ணீர் சொட்டும் பக்கெட், பயன்படுத்தாத டாய்லெட், மாடியில் கிடக்கும் டயர், தேங்காய் ஓடு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து சம்ப்பைத் திறக்கச் சொன்னால் தயங்காமல் திறந்துவிடுங்கள். அவர்கள் ஊற்றும் அபேட் மருந்து தண்ணீரில் கிடந்து புழுவைக் கொல்வது. பையனின் மூச்சுக்குப் போவதில்லை. யாரும் வராவிட்டால் 1913க்குப் போன் செய்யுங்கள். கொசுப்புகை அடிக்கும் வண்டி வருவது வேறு விஷயம். அது டீசல் போன்ற எண்ணெயில் மருந்து கலந்து அடிக்கும் அடர்ந்த புகை. சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, பையனை உள்ளறைக்குக் கூட்டிப்போய், புகை முழுக்கக் கலைந்த பிறகு திறங்கள். வண்டிக்குப் பின்னால் ஓடும் பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

பகலில் பையனுக்கு முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட். மதியத் தூக்கம் வலைக்குள். மருந்து தோய்க்காத சாதாரண வலை போதும், ஓட்டை இல்லாமல் நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மேலே ஃபேன் வேகமாக ஓடட்டும், கொசு அந்தக் காற்றில் தடுமாறும். ஸ்கூலுக்குப் போகும்போது தோலில் தடவும் க்ரீம் நல்லது. ஸ்பிரே வகை வேண்டாம். டீட் என்ற மருந்து 30 சதவீதம் வரை உள்ளதை இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே சொல்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் க்ரீம்களில் இருப்பது வேறு மருந்தாக இருக்கலாம். எதுவானாலும் லேபிளில் போட்டிருக்கும் வயதைப் பாருங்கள். உள்ளங்கையிலும் கண், வாய்ப் பக்கத்திலும் தடவாமல், வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடுங்கள்.

கரப்பான் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் பையனின் வீசிங்குக்கு இதில்தான் பெரிய விடை இருக்கலாம். கரப்பானின் எச்சம், எச்சில், உரித்த தோல் எல்லாம் பொடியாகித் தூசியில் கலக்கும். 1997இல் அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் ஆஸ்துமாக் குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. கரப்பான் அலர்ஜி இருந்து, படுக்கும் அறையிலும் அந்தத் தூசி அதிகம் இருந்த குழந்தைகள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆகவே கரப்பானை ஒழித்தே ஆக வேண்டும். ஆனால் ஸ்பிரே அதற்கான வழி இல்லை.

ஸ்பிரே கண்ணில் பட்ட நான்கைக் கொல்லும். மற்றவை சிதறி அலமாரிக்கும் ஹாலுக்கும் ஓடும். முட்டைப் பைக்குள் இருப்பவற்றை அது ஒன்றும் செய்யாது. சமையலறையில் சின்னதாக, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு போட்டு ஓடுவது ஜெர்மன் கரப்பான். அதன் ஒரு பையில் முப்பது நாற்பது குஞ்சுகள் இருக்கும். அதனால்தான் வாரா வாரம் அடித்தும் வாரா வாரம் வருகிறது. ஸ்பிரேயில் மருந்தின் வீரியத்தைக் கூட்ட பைப்பரோனைல் பியூடாக்சைடு என்று ஒன்று சேர்ப்பது உண்டு. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் கர்ப்பிணிகளையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றில் இருக்கும்போது அந்தப் பொருள் அதிகம் பட்ட பிள்ளைகளுக்கு ஐந்தாறு வயதில், சளி பிடிக்காத நேரத்திலும் வரும் இருமல் கூடுதலாக இருந்தது.

நியூ ஆர்லியன்சில் 2017இல் வெளியான ஆய்வு உங்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. ஆஸ்துமாக் குழந்தைகள் உள்ள வீடுகளில் ஒரு பாதிக்கு ஜெல் வகைக் கரப்பான் தீனி மட்டும் வைத்தார்கள். வேறு பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. கரப்பான் குறைந்தது, குழந்தைகளுக்கு இருமலும் இளைப்பும் வந்த நாட்களும் குறைந்தன.

ஜெல் வைப்பதில் ஒரு முறை இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு மேல், லைட் போடாமல் டார்ச்சோடு சமையலறைக்குப் போங்கள். எங்கே ஓடி ஒளிகின்றன என்று பாருங்கள்: கதவுக் கீல், சிங்க்குக்கு அடியில் குழாய் நுழையும் ஓட்டை, ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், மிக்ஸிக்கு அடியில், ஸ்விட்ச் போர்டு இடுக்கு. மறுநாள் அந்த இடங்களில் மிளகு அளவுப் பொட்டாக நிறைய இடத்தில் வையுங்கள், ஒரே இடத்தில் நெல்லிக்காய் அளவு வைத்துப் பயனில்லை. பையனின் கைக்கு எட்டாத இடுக்காக இருக்கட்டும். ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோப்ரிட் உள்ள ஜெல்தான் கடைகளில் கிடைக்கிறது. தின்ற கரப்பான் உடனே சாகாமல் பொந்துக்குப் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் மற்றவையும் சாகும். இரண்டு வாரம் பொறுங்கள். அதுவரை அங்கே ஸ்பிரேயோ பினாயிலோ போட்டுவிட்டால் கரப்பான் ஜெல்லை நெருங்காது, மொத்த வேலையும் வீண். இரவில் எச்சில் பாத்திரம் சிங்க்கில் கிடந்தாலும் அப்படித்தான். அதற்குப் பசியிருந்தால்தான் ஜெல்லைத் தொடும். பெரிய செந்நிறக் கரப்பான் சாக்கடையிலிருந்து வருவது. அதற்குத் தண்ணீர் வடியும் ஜாலியில் வலை போட்டு, சாக்கடைச் சேம்பர் மூடியை இறுக்கினாலே பாதி தீர்ந்தது.

செத்து ஒழிந்த பிறகும் பழைய தூசி மாதக்கணக்கில் இருக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் அது பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள், அலமாரிக்குள் போட்ட பழைய பேப்பரையும் அட்டைப் பெட்டிகளையும் வெளியேற்றுங்கள்.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களைக் கூப்பிட்டால் ஜெல் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். 'வாசனையே இல்லாத மருந்து சார்' என்பார்கள். வாசனை இல்லாததால் பாதிப்பு இல்லை என்று ஆகாது. மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பச்சை முக்கோணம் போட்டிருப்பது மற்றதைவிட நஞ்சு குறைவு என்பதற்குத்தான். கரையானுக்கு அடிக்க வேண்டி வந்தால் குளோர்பைரிபாஸ் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான அதன் விற்பனையை 2001 முடிவிலேயே நிறுத்திவிட்டார்கள். இமிடாகுளோப்ரிட் போல எளிதில் ஆவியாகாத மருந்தைத் துளை போட்டு மண்ணுக்குள் செலுத்தச் சொல்லலாம். அன்றைக்குப் பையன் பாட்டி வீட்டில் இருக்கட்டும். எல்லாம் காய்ந்து, ஒரு நாளாவது காற்றாடிய பிறகு அழைத்து வாருங்கள். பீரோவில் அந்துருண்டை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், குழந்தை இருக்கும் அறையில் அதற்கு வேலை இல்லை.

வீட்டில் இத்தனை செய்தாலும் டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த இரவில் இருமினான், அன்று வீட்டில் என்ன கொளுத்தினோம், என்ன அடித்தோம் என்று காலண்டரில் குறித்து வைத்து அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள், அவருக்கு அது பெரிய உதவி. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே குழிந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ காத்திருக்க வேண்டாம். இரவு எத்தனை மணியானாலும் பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மாமியார் விஷயம். அவரிடமிருந்து சுருளைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றும்போது வாசல் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது அவர் வழக்கமாக இருக்கும். க்யூலெக்ஸ் கூட்டமாக உள்ளே நுழைவதும் அதே நேரத்தில். ஐந்தரைக்கெல்லாம் மற்ற ஜன்னல்களைச் சாத்துவதை அவர் பொறுப்பாக்குங்கள். வாசலுக்கு வலைக்கதவு போட்டுவிட்டால் மரக்கதவு திறந்தே இருக்கலாம், விளக்கும் எரியும், சுருளும் வேண்டியிருக்காது. வாடகை வீடு, ஓனர் துளை போட விடமாட்டார் என்றால், ஜன்னலுக்கும் கதவுக்கும் வெல்க்ரோ ஒட்டி மாட்டும் வலை கிடைக்கிறது. அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பவர்கள் வீட்டுக்கே வருவார்கள். காலி செய்யும்போது உரித்து எடுத்துக்கொண்டு போகலாம்.